உம்பளாச்சேரிப் பசுவும் 494 கிலோ என்ற எண்ணும்

காவிரிப் படுகையின் உம்பளாச்சேரி மாட்டினத்தைப் பற்றிய எழுத்துகளில் ஓர் எண் திரும்பத் திரும்ப வருகிறது: ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 494 கிலோ பால். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் இன விவரத்தில் உள்ள எண் அது. பாலின் கொழுப்பு 4.94 விழுக்காடு என்பதும் அதே விவரத்தில் உண்டு. ஆனால் முதல் எண்ணை எடுத்தாளும் பலர் இரண்டாவதைத் தொடுவதில்லை. இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வு மரபு மூன்று முடிவுகளை எட்டியிருக்கிறது. உம்பளாச்சேரி மாடு பண்ணைத் தொழிலுக்கு ஏற்றதல்ல. டிராக்டர் வந்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. இனி அதைக் காப்பதென்பது மரபணுச் சேமிப்பு மட்டுமே. எண் பொய் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. அந்த எண்ணிலிருந்து இந்த முடிவுகளுக்குப் போக வழியில்லை என்பதே இதன் வாதம்.

494 கிலோ என்பது முதலில் எதன் அளவு? நாட்டுப் பசுக்களில் பெரும்பாலானவை கன்று முட்டாமல் மடி சுரப்பதில்லை. கன்றை ஊட்டவிட்டு, பிடித்துக் கட்டி, கறந்து, மிச்சத்துக்குக் கன்றை மறுபடி அவிழ்த்துவிடுவது டெல்டாக் கொட்டில்களின் வழக்கம். காளைக்கன்று பிறந்திருந்தால் அதற்கு விடும் பங்கு கூடும். அது நாளைய உழவு மாடு. எனவே இப்படிப்பட்ட வீடுகளில் பாத்திரத்தில் விழுந்த பாலை அளந்தால், பசு கொடுத்த பால் எவ்வளவு என்று தெரியாது. வீட்டார் எடுத்துக்கொண்ட பங்கு மட்டுமே தெரியும். கன்று குடித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் கன்றை நிறுத்துப் பார்க்க வேண்டும். கன்றைப் பிரித்து வளர்க்கும் பண்ணைகளில் எடுத்த ஜெர்சிக் கலப்பின எண்ணோடு இதை ஒரே பட்டியலில் வைப்பது இரு வேறு அளவுகளை ஒன்றாக்குவதாகும்.

கொழுப்பைச் சேர்த்தால் அந்த எண்ணே கொஞ்சம் நகர்கிறது. 494 கிலோவில் 4.94 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 24.4 கிலோ கொழுப்பு. பால் ஆய்வில் நெடுங்காலமாகப் புழங்கும் 4 விழுக்காட்டுக் கொழுப்புச் சமன்பாட்டில் இதை இட்டால் விடை சுமார் 564 கிலோ. 14 விழுக்காடு கூடுகிறது. இந்த உயர்வால் உம்பளாச்சேரி கறவை இனமாகிவிடாது. நல்ல தீவனத்தில் நிற்கும் கலப்பினப் பசு இதைவிடப் பல மடங்கு கறக்கும். அதில் தகராறு இல்லை. பாலை மட்டும் பேசுகிறவர்கள்கூடப் பாலை முழுதாகப் பேசவில்லை என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு.

பெரிய விடுபாடு வேறு. இந்த இனம் பாலுக்காக உருவானதே இல்லை. 1936-இல் லிட்டில்வுட் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி நூல் எழுதிய காலத்தில் ஒரு மாட்டின் மதிப்பு ஏரிலும் வண்டியிலும் இருந்தது. சம்பாவுக்கும் தாளடிக்கும் தேங்கிய நீரில் சேற்றுழவு செய்வதற்கு உயர்ந்த காலும் கனத்த உடலும் உதவா. ஆழப் புதையும் களிமண்ணில் அந்த உடலே மாட்டுக்குப் பாரம். குட்டையான கட்டுடல், உறுதியான கால், சேற்றிலும் குறையாத நடை ஆகியவை தலைமுறை தலைமுறையாக இங்கே பொறுக்கி எடுக்கப்பட்டன. எருதுகளின் கொம்பை நீக்கிவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்ற பெயரும் இதற்கு உண்டு. இப்படியோர் இனத்தில் பசுவின் முதன்மை விளைச்சல் அது ஈனும் கன்று. பால் அதற்கு அடுத்தது. இரண்டாம் விளைச்சலை மட்டும் அளந்துவிட்டு முழுப் பண்ணைக்கும் தீர்ப்புச் சொல்வதைச் சான்று என்று ஏற்க முடியாது.

ஏர் போய்விட்டதே, இனி எருதால் என்ன பயன் என்ற கேள்வி எழும். உழவு இயந்திரத்துக்குப் போனது உண்மை. ஆனால் சேற்றுக்கும் வைக்கோலுக்கும் வெக்கைக்கும் பழகிய உடல், ஏர் போனதால் பழக்கத்தை மறந்துவிடவில்லை. பண்ணைக்கு இன்று தேவைப்படுவது அந்த உடல்தான்.

பட்டியலில் இல்லாத அடுத்த பத்தி தீவனம். பசுவுக்குப் பால் கறக்க வேண்டியது ஒரு செலவு. உயிரோடு நிற்க வேண்டியது அதற்கு முந்திய செலவு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1996-இல் வெளியிட்ட தீவன நெறிமுறை, திமில் உள்ள மாட்டினங்களின் உடல் பராமரிப்புத் தேவை பிரிட்டிஷ் இறைச்சி இனங்களைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைவு என்றும், கறவை இனங்களின் தேவை சுமார் 20 விழுக்காடு கூடுதல் என்றும் கணக்கிடச் சொல்கிறது. உடல் எடையிலும் உம்பளாச்சேரி சிறியது. டெல்டாவில் ஆண்டு முழுதும் உறுதியாகக் கிடைக்கும் தீவனம் வைக்கோல். அதில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு; சிலிக்கா எனும் மணற்சத்தோ மிகுதி. இதைத் தின்று அதிகம் கறக்க எந்தப் பசுவாலும் முடியாது. இதைத் தின்று உடல் கெடாமல் நின்று, சினைப்பட்டு, கன்று ஈனும் பசு எது என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. தாளடி அறுவடை முடிந்து மேட்டூர் நீர் வரும்வரை பல வயல்கள் தரிசாகக் கிடக்கும். அந்த மாதங்களில் தாளை மேய்ந்து, இரவில் கிடையில் நின்று, வயலுக்கு எருவிட்ட மாட்டின் பங்களிப்பைப் பாலின் கிலோவில் எழுத முடியாது. எழுத முடியாததை ஆய்வு மரபு பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டது.

வெப்பத்தைப் பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுவதும் ஒரு குறை. டெல்டாவின் கடலோர மாவட்டமான மயிலாடுதுறையின் வெக்கை கோவையின் வெக்கையல்ல. இது ஈரத்தோடு வருவது. 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்த ஒரு சாதாரணப் பொழுதை, கால்நடை அறிவியல் பயன்படுத்தும் வெப்ப-ஈரப்பதக் குறியீட்டில் இட்டால் 84 வருகிறது. ஐரோப்பியக் கறவைப் பசுவுக்கு 72-ஐத் தாண்டும்போதே அழுத்தம் தொடங்குவதாக நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். காற்று ஈரமாக இருந்தால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அப்போது உடலுக்குள் உண்டாகும் வெப்பம் குறைவாக இருப்பதே மாட்டைக் காக்கிறது. ஜெர்சி, பிரீசியனைவிடத் தாங்கும். பாதி நாட்டு இரத்தம் உள்ள கலப்பினம் இன்னும் தாங்கும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தாங்குவதற்கு நிழலும் குளிர்ந்த நீரும் அடர்தீவனமும் மருத்துவரும் வேண்டும். அவற்றின் விலை பாலின் விலையிலிருந்து கழிக்கப்பட வேண்டும்.

வெக்கையை அடுத்து வெள்ளம். 2022 நவம்பர் 11 அன்று பெய்த மழையில் அதே மாவட்டத்தின் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய மழையில் கொட்டிலில் நீர் நிற்கும், வைக்கோல் போர் நனைந்து பூஞ்சை பிடிக்கும், குளம்பு ஊறிப் புண்ணாகும், பால் வண்டி ஊருக்குள் வராது. உம்பளாச்சேரி மாடு இவற்றைக் கலப்பினத்தைவிட நன்றாகக் கடந்தது என்று துணிந்து எழுதும் அளவுக்குச் சேர்த்து வைத்த பதிவுகள் போதா. எனினும் நீரில் நின்று வேலை செய்யவே தேர்ந்தெடுக்கப்பட்ட மாட்டின் காலையும் குளம்பையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், மயிலாடுதுறை மாவட்டத்துக்கு அது ஏற்றதல்ல என்று முடிவுகட்டியது எந்த முறையியல்?

எதிர்வாதங்களில் ஒன்று, இது தனி இனமே அல்ல, காங்கேயத்தின் கிளை என்பது. பிறக்கும்போது சிவப்பாக இருக்கும் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறமாவது இரண்டுக்கும் பொது. நெற்றி வெள்ளையும் கால்களின் வெண்பட்டையும் சிற்றுடலும் உம்பளாச்சேரியின் தனி அடையாளங்கள். மூதாதை காங்கேயமாகவே இருந்தாலும் பொருத்தம் பற்றிய கேள்வியில் அதனால் ஒன்றும் மாறாது. கொங்கின் வறண்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலும் கடலோரக் களிமண்ணிலும் ஒரே உடல் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. மறுபக்கத்தில், நாட்டு மாட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும், ஏ2 வகைப் புரதம் உள்ள பால் உடலுக்கு நல்லது என்ற வாதத்தையும் இங்கே சேர்க்க வேண்டியதில்லை. அதன் மருத்துவச் சான்று உறுதியானதல்ல. இந்த மாட்டுக்கு அந்தத் துணை தேவையும் இல்லை.

பதிவு ஒழுங்குக்குப் பிரேசில் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கொண்டு செல்லப்பட்ட குஜராத்தின் கிர் மாட்டில், 1985 முதல் அரசு ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபாவும் வளர்ப்போர் சங்கமும் சேர்ந்து காளைகளின் மகள்களை அளந்து தேர்வு செய்தன. கிர் கறவை இனம், உம்பளாச்சேரி உழவு இனம் என்ற வேறுபாடு உண்மையே. ஆனால் அங்கிருந்து கற்க வேண்டியது பால் அளவை அல்ல, பதிவு செய்யும் ஒழுங்கை. ஓர் இனத்தின் எல்லை எது என்பது தேர்வு செய்து பார்த்த பிறகுதான் தெரியும். உம்பளாச்சேரிக்கு அந்த வாய்ப்பு முழுமையாகத் தரப்படாமலேயே எல்லை வகுக்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சி, மலைக்குப் பிரீசியன், தாயகப் பகுதியில் உம்பளாச்சேரியின் தூய இனப்பெருக்கம் என்று பிரிக்கிறது. 2020-இல் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்குள்ளேயே ஒரே விடை பொருந்தாது. குத்தாலம் பக்கம் ஆழ்துளைக் கிணறும் பசுந்தீவனமும் உள்ள குடும்பம் கலப்பினம் வளர்ப்பது சரியான முடிவு. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கொள்ளிடம் ஒன்றியத்தின் கடைமடையில், நிலத்தடி நீரில் உப்பு ஏறி, வைக்கோலும் கரைப்புல்லுமே தீவனமாக உள்ள குடும்பத்துக்கு அதே பசுவைப் பரிந்துரைப்பது தவறு.

ஆகவே கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், கொருக்கை அரசுப் பண்ணைக்கும் ஒரு வேண்டுகோள். கொள்ளிடம், சீர்காழி, குத்தாலம் ஒன்றியங்களில் உழவர் கொட்டில்களிலேயே உம்பளாச்சேரி, கலப்பினம் ஆகிய இரு வகைப் பசுக்களையும் அருகருகே வைத்து அளக்க வேண்டும். கன்று குடித்த பால், தின்ற வைக்கோலும் புண்ணாக்கும், ஈற்று இடைவெளி, மருத்துவச் செலவு, மழைக்காலத்தில் மாடு படுத்த நாட்கள், வயலுக்குப் போன எரு ஆகிய அனைத்தும் ஓர் ஏட்டில் ஏற வேண்டும். அந்த ஏடு வரும்வரை 494 என்ற எண்ணைப் பாலின் அளவாக மட்டும் மேற்கோள் காட்டுங்கள். மாட்டின் மதிப்பாகக் காட்டாதீர்கள்.