அறுவை நூலின் விலை

மும்பைத் தமிழர்க்குக் கிங்ஸ் சர்க்கிள் என்றதும் கோயில் மணியோசையும் பூக்கடைகளும் காப்பியின் மணமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வட்டாரம் உருவானதற்கு ஒரு கொள்ளைநோயும் காரணம் என்பதைச் சிலரே அறிவர். 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோயை வளர்க்கின்றன என்று கருதிய அன்றைய அரசினர், 1898-இல் நகரச் சீரமைப்புக்கென ‘இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்’ என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினர். அகன்ற சாலைகளும் தோட்டங்களும் கொண்ட தாதர், மாட்டுங்கா குடியிருப்புகள் அந்நிறுவனத்தின் திட்டத்தால் எழுந்தவையே. நோய் வந்தபின் செலவிடுவதா, வருமுன் செலவிடுவதா என்ற வினாவுக்கு அந்நகரம் அளித்த விடைகளுள் ஒன்று கிங்ஸ் சர்க்கிள் எனலாம்.

அதே வினா, மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பற்றி இன்றும் எழுகின்றது. அப்பொருள், அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடலைத் தைக்கும் நூல். கிருமிகளை ஒடுக்கும் மருந்து பூசிய நூல் இப்போது விற்பனையில் உள்ளது. அதன் விலை சாதாரண நூலின் விலையினும் கூடுதல். அக்கூடுதல் விலை தகுமா என்பதே கேள்வி.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வடக்கே சிறிது தொலைவில், 1947-இல் தொடங்கப்பெற்ற மாநகராட்சி மருத்துவமனை இருக்கின்றது. லோகமான்ய திலகரின் பெயர் தாங்கினும் மக்கள் அதனைச் சயான் ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். தாராவித் தமிழர் பலருக்கு அதுவே அண்டையிலுள்ள பெரிய வைத்தியசாலை. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். நாட்கூலி பெறுவோர் ஒருவருக்கு வயிற்றில் அறுவை நடந்து, தைத்த இடத்தில் சீழ் பிடித்துவிட்டால் நேரும் செலவு மருந்துக் கடையோடு முடிவதில்லை. கட்டுப் பிரித்துக் கட்ட வேண்டும். படுக்கையில் கிடக்கும் நாள்கள் நீளும். கூலி போகும். உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் போகும். சுற்றத்தாரை ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கு இச்சுமை இருமடங்காகும். இவையெல்லாம் மருத்துவமனைக் கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவுகள்.

தையல் நூலின் வரலாறு நீண்டது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை மரப்பட்டை நார், சணல், பட்டு, நரம்பு, மயிர் ஆகியவற்றால் புண்ணைத் தைக்கும் முறைகளைக் கூறுகின்றது. கிழிந்த குடலின் விளிம்புகளைப் பெரிய எறும்புகளைக் கடிக்கச் செய்து இணைக்கும் முறையும் அதிற் காணப்படும். மேல்நாட்டில் விலங்கின் குடலிலிருந்து முறுக்கிய நூல் நெடுங்காலம் பயன்பட்டது. ஆங்கிலத்தில் அதற்குக் ‘கேட்கட்’ என்று பெயர். பூனைக்குடல் என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பிழையாகும். அது பெரும்பாலும் ஆட்டின் குடல் அல்லது மாட்டின் குடலே. தோற்பைகளுக்கும் மண்பாண்டங்களுக்கும் பெயர்பெற்ற தாராவியில் ஆட்டுக்குடலிலிருந்து அறுவை நூல் ஆயத்தம் செய்யும் தொழிலும் நடந்ததுண்டு.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், தைத்த புண் சீழ் பிடிப்பதை மருத்துவர் இயற்கை என்றே கொண்டனர். இரத்தக்குழாயைக் கட்டிய நூலின் நுனியை வெளியே நீளமாகத் தொங்கவிட்டு, உள்ளே அழுகி விடுபட்டபின் இழுத்தெடுப்பது வழக்கமாயிருந்தது. இந்நிலையை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். 1865 ஆகஸ்டில், கிளாஸ்கோ நகர மருத்துவமனையில், கால் எலும்பு முறிந்து புண்ணும் ஏற்பட்டிருந்த பதினோரு வயதுச் சிறுவனுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டுப் போட்டார். புண் சீழ் பிடிக்காமல் ஆறிற்று. இம்முறையின் பயனை 1867-இல் உலகுக்கு அறிவித்தார். நூலையும் அவர் விட்டுவைக்கவில்லை. கார்பாலிக் அமிலத்தில் ஊறிய குடல்நூல் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் என்பதைக் கன்றுக்குட்டியிடம் சோதித்து 1869-இல் எழுதினார். எனவே நூலில் மருந்தேற்றும் எண்ணம் புதியதன்று. நூற்றைம்பது ஆண்டு வயதுடையது.

நூல் ஏன் இத்துணைக் கவனத்துக்கு உரியது? 1957-இல் எலெக், கோனென் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதற்கு விடை கண்டனர். மனிதத் தோலில் சீழ் உண்டாக்கத் தனியே செலுத்தினால் இலட்சக்கணக்கான ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அவ்விடத்தில் ஒரு பட்டுத் தையல் இருந்துவிட்டாலோ சில நூறு கிருமிகளே போதுமாயின. உடலுக்கு அந்நியமான நூல் கிருமிக்கு ஒதுங்கும் இடமாகிவிடுகின்றது. பல இழைகளைப் பின்னிய நூலாயின் அவ்விழைகளின் இடுக்கிலும் கிருமி தங்கும்.

1970-களில் உடலில் தானே கரையும் செயற்கை நூல்கள் பரவின. டிரைக்ளோசான் என்னும் கிருமியொடுக்கியைப் பூசிய நூலுக்கு 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்துப் பொருளாதாரக் கணக்குத் தொடங்கியது.

அக்கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நோயாளிக்குக் கூடுதல் நூற்செலவு 200 ரூபாய் என்று கொள்வோம். நூறு பேருக்கு 20,000 ரூபாய் ஆகும். சீழ் பிடிப்போர் பத்திலிருந்து ஏழாகக் குறைந்தால், மூவரைக் காத்த செலவு தலைக்கு ஏறத்தாழ 6,700 ரூபாய். ஒருவருக்குச் சீழ் பிடித்தால் ஆகும் செலவு 15,000 ரூபாயாயின், விலை மிகுந்த நூலே சிக்கனமானது. பத்துப் பேர் பத்துப் பேராகவே இருந்தால் 20,000 ரூபாயும் வீண். மலிவு வேறு, சிக்கனம் வேறு. மலிவை விலைச்சீட்டில் காணலாம். சிக்கனத்தை நோயாளி எழுந்து நடந்தபின்னரே காணமுடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல், உறுதியான கட்டளையாக அன்றி நிபந்தனையுடன் கூடிய பரிந்துரையாக, இந்நூலை ஏற்றது. 2021-இல் பிரிட்டனின் ‘நைஸ்’ என்னும் மதிப்பீட்டு அமைப்பு, இதனால் நோயாளி ஒருவருக்குச் சராசரி 13 பவுனுக்கு மேல் மிச்சமாகும் என்று கணித்தது. வியப்பு யாதெனில், அதே 2021-இல் மற்றொரு முடிவும் வெளிவந்தது. இந்தியா, கானா, நைஜீரியா, மெக்சிகோ உள்ளிட்ட ஏழு நாடுகளில், 54 மருத்துவமனைகளில், வயிற்று அறுவை செய்துகொண்ட 5,788 பேரிடம் ‘பால்கன்’ என்னும் ஆய்வு நடந்தது. அங்கே மருந்து நூலுக்கும் சாதாரண நூலுக்கும் தெளிவான வேறுபாடு தோன்றவில்லை. நூற்றுக்கு 22 பேருக்குப் புண்ணில் கிருமி பற்றிற்று. பிரிட்டனில் பொருந்திய கணக்கை அப்படியே நம் நாட்டுக்குப் பெயர்த்தெழுத இயலாது என்பதை அது உணர்த்திற்று.

நூலிற் பூசிய மருந்து தன்னைச் சூழ்ந்த சிற்றிடத்தையே காக்க வல்லது. அறுவையின்போது அழுக்கேறிய கையுறையும் கருவியும் கொண்டுவரும் கிருமியை அது எங்ஙனம் தடுக்கும்? மறுவருடம், 2022-இல், அதே ஏழு நாடுகளில் 81 மருத்துவமனைகளில் 13,301 பேரிடம் நடந்த ‘சீட்டா’ ஆய்வு இவ்விடத்தைத் தொட்டது. வயிற்றை மூடித் தைப்பதற்குச் சற்று முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினர், அவ்வளவே. கிருமி பற்றியோர் நூற்றுக்கு 18.9-இலிருந்து 16-ஆகக் குறைந்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு மூவர் தப்பினர்.

மருந்து நூலை வெறுத்தொதுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. தூய்மையின் மற்றெல்லாப் படிகளையும் ஏறி முடித்த மருத்துவமனையில் அது கடைசிப் படியாகப் பயன்படலாம். முதற்படி ஏறாதவருக்குக் கடைசிப் படி எட்டாது. பொதுப்பணத்தால் நடக்கும் மருத்துவமனை, கையில் உள்ள ரூபாயை முதலில் தண்ணீருக்கும் சோப்புக்கும் புதிய கையுறைக்கும் கொதிகலத்தில் சுத்தம் செய்த கருவிக்கும் செலவிடுதல் முறை. எஞ்சியதை நூலுக்குச் செலவிடுக. செலவிட்டபின், சீழ் பிடித்தோர் எத்தனை பேர் என்று எண்ணி எழுதிவைத்தலும் வேண்டும். எண்ணாத இடத்தில் எந்த நூலும் சிக்கனம் என்றோ வீண் என்றோ கூறவியலாது.

நேயர்களே, வெளிமாநிலத்தில் நம்மவர் ஒருவர் அறுவைக்குச் செல்லும்போது, விலை மிகுந்த நூலை வாங்கித் தந்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. புண்ணைத் தொடுவோர் கைகழுவித் தொடுகின்றனரா என்று பணிவோடு கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. வீடு திரும்பியபின் புண் சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, ஒருநாள் கூலியை நினைந்து தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. அவ்வொரு நாளைச் சேமிக்க முயன்று ஒரு மாதத்தை இழந்த குடும்பங்கள் பல.