சிப்பி இழந்த சகரம்

வேளாங்கண்ணிப் பேராலயத்தில் திருவிழா நாள்களின் திருப்பலி அட்டவணையை நின்று படித்தால், தமிழுக்குப் பிறகு மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி, மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மொழிகளின் வரிசை நீளும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை இந்த மொழிக்காரர்கள் அத்தனை பேரும் மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்து வருகிறார்கள். வந்தவர்களில் பலர் அலை ஓரத்தில் குனிந்து எதையாவது பொறுக்குகிறார்கள். குழந்தைகள் மட்டுமில்லை, நரைத்த தலைகளும்தான்.

பொறுக்கும் பொருளுக்கு அவரவர் மொழியில் பெயர் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்காரர் சிப்பி என்கிறார். தெலுங்கு பேசுகிறவர்கள் ஆல்சிப்ப என்கிறார்கள். கன்னடத்தில் கப்பெ சிப்பு, அதாவது தவளைச் சிப்பி. இந்தியில் சீப், மராத்தியில் ஷிம்ப்லா. இலங்கையிலிருந்து வருகிற சிங்களவர் சிப்பி கட்டு என்பார்கள். ஒரு சொல்லின் குடும்பம் முழுவதும் ஒரே மணலில் கூடுகிற இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அந்தக் குடும்பத்தின் கதையை எழுத எனக்கு வெகுநாள் ஆசை.

சிப்பி ஒட்டுவது என் பொழுதுபோக்கு. பிழைப்புக்காக இல்லை, விடுமுறை மாலைகளுக்கான வேலை. பொறுக்கி வந்ததை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தி, அளவு பார்த்துப் பிரித்து, அட்டையிலோ கொட்டாங்கச்சியிலோ ஃபெவிகால் வைத்து ஒட்டுவது. மயில், படகு, பட்டாம்பூச்சி. அமிலத்தில் முக்கினால் பளபளப்பு வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சிப்பியின் உடம்பே கால்சியம் கார்பனேட்தான். அமிலம் அதையே தின்றுவிடும். ஓட்டின் மேல் ஓடும் மெல்லிய வளர்ச்சி வரிகள் முதலில் மழுங்கும். அந்த வரிகளுக்காகத்தான் நான் சிப்பியை எடுக்கிறேன்.

பட்டாம்பூச்சி செய்ய உட்காரும்போதுதான் இந்த உயிரின் அமைப்பு கைக்குப் பிடிபடும். சிப்பி இரட்டை ஓடு கொண்டது. பெரும்பாலான வகைகளில் இடது ஓடும் வலது ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். உயிரோடு இருக்கும்போது முதுகுப் பக்கத்தில் ஒரு மீள்தன்மையுள்ள நார் இரண்டையும் பிணைத்திருக்கும். உயிர் போனதும் நார் மட்கி, ஓடுகள் பிரிந்து, அலை ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை வேறு பக்கமும் கொண்டு போகும். நாம் பொறுக்குவது பெரும்பாலும் பாதிகளைத்தான். ஒரு சிறகுக்குப் பொருந்தும் மறு சிறகைத் தேட ஒரு கூடைச் சிப்பியைக் கொட்டிக் கிளற வேண்டும். இந்தப் 'பாதி' என்பது சொல்லின் கதையிலும் வரும்.

கடற்கரையில் மாங்காய்க் கீற்று விற்கும் ஆயா ஒருவர் என் குவியலைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "தம்பி, நூல் கோக்க ஓட்டையும் போட்டுல்ல அனுப்பியிருக்கு கடலு" என்றார். உச்சிக்கு அருகே, துளைக்கருவியால் போட்டதுபோல வட்டமான சிறு ஓட்டை. அதைப் போட்டது ஒரு கடல் நத்தை. மணலுக்கடியில் ஊர்ந்து வந்து சிப்பியைக் கட்டிப் பிடித்து, ஓட்டைத் தளர்த்தும் சுரப்பைப் பூசிப் பூசி, அரம்போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். துளையின் வெளி விளிம்பு அகன்றும் உள் விளிம்பு குறுகியும் இருந்தால் அது நத்தை போட்டதுதான். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அதுவும் பொழைக்கணும்ல" என்று சொல்லி மாங்காய்க்கு மிளகாய்த்தூள் தூவினார்.

நம் கரையில் இந்தப் பொருளுக்கு இன்னொரு பெயர் கிளிஞ்சல். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஆலயத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள கடைத்தெருவில் ஒருவரைக் கேட்டேன். நிலைக்கண்ணாடிச் சட்டத்திலும் சாவிக்கொத்திலும் சிப்பி பதித்து விற்கிறவர். "சூளைக்குப் போனா கிளிஞ்ச, கடைக்கு வந்தா சிப்பி" என்றார். அகராதிகள் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. டெல்டாவின் பழைய வீடுகளை வெளுத்ததும் வெற்றிலையில் தடவியதும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. தெற்கே வேதாரண்யத்துச் சதுப்பு நிலத்தில் கிளிஞ்சல் படுகை படுகையாகப் புதைந்து கிடக்கிறது. கரியோடு அடுக்கிக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் அது சூடு கக்கிப் பொரிந்து மாவாகும். கிளிஞ்சல் என்ற சொல்லில் எடையும் குவியலும் கேட்கின்றன. சிப்பி என்று சொல்லும்போது ஒற்றையாக, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற பொருளாகிவிடுகிறது.

இனி சொல்லின் வயதுக்கு வருவோம். சங்கப் பாட்டில் இது இப்பி. புறநானூற்றின் 53-ஆம் பாட்டில், பொருந்தில் இளங்கீரனார் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும்போது, முற்றிய நீண்ட இப்பிகளின் முத்துப்போல் பரந்த மணலையும், அங்கே வளையணிந்த பெண்கள் ஆடும் விளையாட்டையும் சொல்கிறார். கபிலர் இன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அரசன் ஏங்கியதாக வரும் புகழ்பெற்ற பாட்டு அது. தமிழ் படித்தவர்கள் கபிலருக்காக அதை நினைவில் வைத்திருப்பார்கள். நான் அந்த மணலுக்காகவும் விளையாட்டுக்காகவும் வைத்திருக்கிறேன்.

இப்பி முந்தியதா, சிப்பி முந்தியதா? பழைய நூலில் இருப்பது இப்பி. பேச்சில் இருப்பது சிப்பி. எனவே இப்பிக்கு முன்னால் பிற்காலத்தில் ஒரு சகரம் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கத் தோன்றும். நடந்தது அதன் எதிர்த்திசையில். மொழியறிஞர் தாமஸ் பரோ 1947-இல் எழுதிய ஒரு கட்டுரையில், தென் திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற சகரம் பல சொற்களில் உதிர்ந்துபோனதை வரிசையாக எடுத்துக் காட்டினார். நாம் ஆறு என்று எண்ணுவதைக் கோண்டர்கள் சாருங் என்று எண்ணுகிறார்கள். நம்முடைய ஆயிரம் கன்னடத்தில் சாவிர. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது உப்பு. பஸ்தர் காட்டில் பேசும் பர்ஜி மொழியில் அது சுப். 1930 ஏப்ரல் 30-இல் ராஜாஜி சட்டத்தை மீறி அள்ளினாரே, அந்த வேதாரண்யத்து உப்பும், இந்தக் கரையின் இப்பியும் ஒரே வழியில் தலையெழுத்தை இழந்த சொற்கள். உப்பு இழந்ததை நம் மொழி மீட்கவேயில்லை. இப்பிக்கு மட்டும் சகரம் உதிராத வடிவமும் கூடவே வாழ்ந்து வந்து, கடைசியில் பேச்சு முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. மலையாளத்திலும் இப்பி, சிப்பி இரண்டும் உண்டு.

சிப்பி என்ற சொல் வடமொழியின் 'சுக்தி'யிலிருந்து வந்தது என்ற கருத்து பழையது. பொருள் ஒன்றுதான், சிப்பியைப் பார்த்து வெள்ளி என்று மயங்குவதை வேதாந்திகள் உவமையாகச் சொல்வதும் இந்தச் சுக்தியை வைத்துத்தான். ஆனால் ஒலி இடம் கொடுக்கவில்லை. பக்தி பத்தியாகும், முக்தி முத்தியாகும், சக்தி சத்தியாகும். அதே கணக்கில் சுக்தி சுத்தியாக வேண்டும், ஆகியும் இருக்கிறது. உகரம் இகரமாகி, ககர தகரம் இரட்டைப் பகரமாவதற்கு வழியில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பிராகிருத இலக்கணம் எழுதிய ஹேமசந்திரர் இதை உணர்ந்திருக்க வேண்டும். சுக்தி என்ற இடத்தில் சிப்பி என்ற சொல் வரும் என்று, விதிக்கு அடங்காத மாற்றுச் சொற்களின் பட்டியலில் வைத்திருக்கிறார். பரோவும் இன்னொரு மொழியறிஞரான எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் சிப்பிக்குத் தனிப் பதிவு இருக்கிறது. தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு என்று ஐந்தும் அதில் நிற்கின்றன. தெற்கிலிருந்துதான் இது வடக்கே ஏறியது என்ற பக்கமே நானும் நிற்கிறேன்.

ஏறியது மிக முன்பே நடந்துவிட்டது. பாலி மொழியின் தீக நிகாயத்தில், சாமஞ்ஞபல சுத்தத்தில் ஒரு காட்சி வருகிறது. மலையிடுக்கில் தெளிந்த நீர்நிலை. கரையில் நிற்கும் கண் தெரிந்த ஒருவன் உள்ளே கிடக்கும் சிப்பிகளையும் கூழாங்கற்களையும், திரிகிற மீன் கூட்டத்தையும் பார்க்கிறான். தெளிந்த மனம் உண்மையை அப்படிப் பார்க்கும் என்கிறார் புத்தர். அங்கே இருக்கும் சொல் சிப்பியேதான். கடலே தெரியாத மகத நாட்டில், ஒரு குளத்தின் அடியில், நம் கரையின் சொல்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் சிப்பி கடலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. தெலுங்கில் முழங்கால் சில்லு மோகாலி சிப்ப. தேங்காய் மூடி கொப்பரி சிப்ப. சிறைச் சோற்றுக்குச் சிப்பகூடு என்று பெயர், சிப்ப என்னும் தட்டில் வாங்கித் தின்பதால். கன்னடத்தில் தெங்கின சிப்பு கொட்டாங்கச்சி. துளுவிலும் சிப்பி என்றால் கடல் ஓடும் உண்டு, கொட்டாங்கச்சியும் உண்டு. தமிழிலும் தயிர் அளக்கிற கொட்டாங்கச்சிக்குச் சிப்பி என்று ஒரு பொருளை அகராதிகள் பதிந்திருக்கின்றன. மோர் விற்ற ஊனமுற்ற சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாக நடுத்திட்டுக் கதை சொல்லும் ஊர் வேளாங்கண்ணி. தயிரும் மோரும் இன்று பாக்கெட்டில் வருகின்றன. அந்தப் பொருளில் சிப்பி என்று சொல்லிக் கேட்டதில்லை.

முழங்கால் சில்லு, தேங்காய் மூடி, சிறைத் தட்டு, கடல் ஓடு. இவற்றுக்குப் பொதுவானது கெட்டியாகக் குவிந்த பாதி. முத்தோ, உள்ளிருக்கும் உயிரோ இந்தச் சொல்லின் தொடக்கம் இல்லை என்றே நினைக்கிறேன். கையில் எடுத்து, ஏந்தி, எதையாவது மொள்ளக்கூடிய வடிவம்தான் முதலில் பெயர் பெற்றது. கடற்கரைக்கு வந்த பிள்ளை சிப்பியை எடுத்தவுடன் என்ன செய்கிறது என்று கவனித்தால் இது விளங்கும். அதில் மணலை அள்ளும், தண்ணீரை மொள்ளும், அடுப்புக்கூட்டி மண் சோறு பரிமாறும். சென்ற திருவிழாவில் குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி என் கூடையைக் கிளறி, குழிவான இரண்டு பெரிய சிப்பிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையால் கேட்டார். எதற்கு என்று நானும் சைகையால் கேட்டேன். ஒன்றில் உப்பு அள்ளுவதுபோலவும் மற்றொன்றில் ஊறுகாய் எடுப்பதுபோலவும் காட்டினார். "சிப்ப" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது அலங்காரப் பொருளாகவே தோன்றவில்லை.

சிப்பி விற்கும் இந்தத் தெருவைப் பற்றி எழுதும்போது 2004 டிசம்பர் 26-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆழிப்பேரலை ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடற்கரை நிறைய யாத்ரீகர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலை ஒட்டியிருந்த கடைகள் ஆட்களோடு போயின. இன்று அங்கே சிப்பி மாலை விற்கிறவர்களில் அந்தக் காலையில் வீட்டாரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. பேரம் பேசும்போது இது என் நினைவில் இருக்கிறது. பெரும்பாலும் பேரம் பேசாமல் வாங்குகிறேன்.

கடைகளில் இருப்பவை எல்லாம் இந்தக் கரையில் ஒதுங்கியவை இல்லை. பெரிய சங்குகளும் வண்ணச் சோழிகளும் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகின்றன. பவளப் பாறை இடுக்கில் வளரும் ராட்சதச் சிப்பியையும், அறை அறையாகச் சுருண்ட நாட்டிலஸையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்த்தார்கள். அவற்றை வாங்குவதும் குற்றம்தான். என் மாதிரி ஒட்டுகிறவர்களுக்கு அலை ஒதுக்கிய வெறும் மட்டி ஓடுகளே போதும். மூடிய ஓடு கையில் கனத்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அதைத் தண்ணீரிலேயே போட்டுவிடுவேன்.

சிப்பி அடுப்படிக்கும் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சிப்பிப் பலகாரம் என்று ஒன்று. பிசைந்த மாவைச் சிறு உருண்டையாக்கி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டினால் சிப்பியின் வரிகள் மாவில் விழும். எண்ணெயில் பொரித்துச் சீனிப்பாகில் புரட்டுவார்கள். ஆந்திரத்தில் ஏறக்குறைய இதையே வெல்லப்பாகில் செய்கிறார்கள். பெயர் கவ்வலு, அதாவது சோழிகள். இந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சீப்புக்குப் பதில் ஒரு சிப்பியின் முதுகிலேயே மாவை அழுத்திப் பார்த்தோம். நன்றாகக் கொதிக்கவைத்துக் கழுவிய சிப்பிதான். வரிகள் சீப்பில் விழுவதைவிட நெருக்கமாக விழுந்தன; மாவு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஓட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவியதும் சுலபமாகக் கழன்று வந்தது.