பன்றிக்கறி பாக்கெட்டுக்கு ஓர் உரை

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரைத் திறந்து பன்றிக்கறி எடுப்பவர், பாக்கெட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியோடு படிக்கலாம்: இது தின்பவரைப் பற்றியதா, பன்றியைப் பற்றியதா?

பழுப்பு முக்கோணம், 14 இலக்க எண்: முன்னது அசைவக் குறி. பின்னது உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த உரிம எண். இரண்டும் தின்பவருக்கானவை.

'பண்ணையிலிருந்து புதிதாக': கறியின் புதுமையைச் சொல்கிறது. பண்ணையில் இடம் இருந்ததா, வைக்கோல் இருந்ததா என்பதற்கு இதில் விடையில்லை.

'ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை': மருந்து கொடுத்து, உரிய நாள் கழித்து வெட்டினால் கறியில் எச்சம் தங்காது. வரியின் பொருள் அவ்வளவே. நோயுற்ற பன்றிக்கு மருந்து தருவது நல்லது. நெருக்கி அடைத்துவிட்டுத் தீவனத்தில் அன்றாடம் மருந்து கலப்பது தீது. இரண்டையும் இவ்வரி பிரித்துக் காட்டாது.

'உரிமம் பெற்ற கூடத்தில் வெட்டியது': இங்கேதான் விலங்கு முதன்முதலாகக் கணக்கில் வருகிறது. கால்நடை மருத்துவர் சோதித்திருக்க வேண்டும், சினையானதை வெட்டக்கூடாது, மற்ற விலங்குகளின் கண்ணெதிரே வெட்டக்கூடாது என்கின்றன 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள். ஆனாலும் இது பன்றியின் கடைசி நாளுக்கு மட்டுமே பொருந்தும்.

எழுதாத வரி: தாய்ப்பன்றி எப்படி வாழ்ந்தது? சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். ஏழடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள கம்பிக் கூண்டில் அடைத்தால் அதனால் உடலைத் திருப்பவும் இயலாது. நடமாட இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்கிறது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. பிரிட்டன் சினைக் கூண்டுகளை 1999இல் ஒழித்தது. அங்கே 'வெளியில் பிறந்தது' என்றால் குட்டி பால்குடி மறக்கும்வரை வெளியில் இருந்தது என்று பொருள். 'ஃப்ரீ ரேஞ்ச்' என்றால் வாழ்நாள் முழுதும். பிரான்சில் உறவுள்ள நம்மூர்க் குடும்பங்கள் அறிந்த 'லேபிள் ரூஜ்' முதன்மையாகத் தரச் சான்று. 'ப்ளேன் ஏர்' என்றும் எழுதியிருந்தால்தான் திறந்தவெளி வளர்ப்பு.

வளர்ப்புமுறையை எழுதும் கட்டாயம் நம் லேபிள் விதிகளில் இல்லை. இருக்க வேண்டும். அதுவரை கடையில் கேளுங்கள்: எந்தப் பண்ணை? சினைப்பன்றிக்குக் கூண்டா, கொட்டகையா? குட்டிகளின் வாலை வெட்டுகிறார்களா? பதில் சொல்ல முடிந்த கடைக்கே நம் காசு போகட்டும். வாங்குபவர் பலர் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் அதே கேள்வியைப் பண்ணையிடம் கேட்டே ஆக வேண்டும்.