நாலு புலி, ஒரு ஆடு

ஏற்காடு பக்கம் தலைச்சோலையில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பையன் என் போனை வாங்கிப் பழைய பேக்-மேன் ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய தாத்தா கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுல புலி யாரு தம்பி, ஆடு யாரு?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் குறிப்பு.

1978-ல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெரிய வெற்றி. அதன் பிறகு ஆர்கேட் கடைகளில் எங்கே பார்த்தாலும் சுடுகிற விளையாட்டுதான். நாம்கோ நிறுவனத்தில் இருந்த தோரு இவாதானி, பெண்களும் ஜோடிகளும் வந்து ஆடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். சுடுவதற்குப் பதிலாகச் சாப்பிடுவது என்று வைத்தார். 1980 மே மாதம் டோக்கியோவின் ஷிபுயாவில் மக்கள் முன்னால் வைத்துப் பார்த்தபோது அவருக்கு வயது 25. அதே வருஷம் அமெரிக்காவுக்கும் போய்விட்டது.

வாய் பிளந்த அந்த மஞ்சள் உருண்டையைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனா விஷயம் அந்த நாலு பேய்களிடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புத்தி. சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நமக்கு நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்பு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு இருக்கிறதே, அது துரத்திக்கொண்டே வரும்; எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பி ஓடும்!

சின்ன வயசில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. மே மாதம் ஏற்காட்டுக்கு வரும்போதெல்லாம் கையிலிருந்த காசை மிஷினில் போட்டுத் தோற்று, "மிஷின் ஏமாத்துது"ன்னு அழுதிருக்கிறேன். ரொம்ப வருஷம் அதையே நம்பிக்கொண்டும் இருந்தேன். உண்மை நேர் எதிர். அசல் மிஷினில் ஒரே சுற்றை அதே இடத்தில் அதே நேரத்தில் திரும்பி ஆடினால் பேய்களும் அச்சு மாறாமல் அதே வழியில்தான் வரும். அதனால்தான் வழியை மனப்பாடம் செய்து ஆடுகிறவர்கள் உண்டு. 256-வது சுற்றில் மட்டும் எண் கொள்ளாமல் திரையில் பாதி குப்பையாகிவிடும். தோற்றால் தப்பு நம்முடையது. அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். நாற்பது வருஷம் தாண்டியும் இன்னொரு ஆட்டம் ஆடத் தோன்றுவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

ஆடுபுலி ஆட்டமும் இப்படித்தானே? தாயக்கட்டையும் சோழியும் கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. 3 புலி, 15 ஆடு. ஆட்டால் புலியை வெட்ட முடியாது, நகர விடாமல் அடைக்கத்தான் முடியும்.

"இதுல நாலு புலி, ஒரே ஆடுங்க ஐயா" என்றேன்.

"ஒத்த ஆட்ட வெச்சு என்னத்த ஆடறது?"

அந்த நேரம் பார்த்துப் பையன் மூலையிலிருந்த பெரிய புள்ளியைத் தின்றான். பேய்கள் நாலும் நீலமாகித் திரும்பி ஓடின. பெரியவர் சிரித்துவிட்டார். "அட, ஆடு புலியத் தொரத்துது!" பிறகு பேசவே இல்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மழை விடுவதற்குள் பேரனின் தோளைத் தட்டிச் சொன்னார்:

"டேய், அந்த ஆரஞ்சுக்காரனுக்கு ஏன் பயப்படற? அவன் கிட்ட வந்தா ஓடிருவான்."