ரெப்பர்பியோர்டு சுரங்கக் கழிவு

ரெப்பர்பியோர்டு, நார்வேயின் வடகோடியில் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடற்பகுதி. இது அமைந்திருந்த குவால்சுண்ட் நகராட்சி 2020இல் ஹம்மர்பெஸ்ட் நகராட்சியுடன் இணைந்தது. 1970களில் உல்வெரிக்கன் செப்புச் சுரங்கம் அரைத்த பாறைக் கழிவை இதன் உட்பகுதியில் கொட்டியது. அந்தக் கடலடிப் படிவில் செம்பு இன்னும் மிகுந்திருக்கிறது.

இத்தகைய கழிவின் ஆபத்தைப் புரிந்துகொள்ள நிலக்கரிச் சாம்பலோடு ஒப்பிடலாம்; அதில் நச்சு கசியும் விதம் வேறு. உலை வெப்பத்தில் ஆவியாகும் ஆர்சனிக், செலினியம் முதலியவை குளிரும்போது துகள்களின் மேற்பரப்பில் படிவதால், தண்ணீர் பட்டதும் அவற்றில் ஒரு பகுதி கரைந்துவிடும். வடசென்னை அனல்மின் நிலையக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்த சாம்பல் குழம்பு இவ்வகை. செப்புக் கழிவிலோ உலோகம் பெரும்பாலும் கந்தகத்தோடு பிணைந்திருக்கும். அது விடுபட ஆக்சிஜன் வேண்டும். கடலடியில் ஆக்சிஜன் குறைவு, ஆகவே அங்கே கொட்டுவதே பாதுகாப்பு என்பது சுரங்கத் தரப்பின் வாதம். வேதியியலாக இதில் நியாயம் உண்டு. ஆனால் நீரோட்டமும் அடிமண் புழுக்களும் படிவைக் கிளறிக்கொண்டே இருக்கும்.

ரெப்பர்பியோர்டில் ஆண்டுக்கு 20 லட்சம் டன் வரை கழிவைக் கொட்ட, அங்கே மீண்டும் செம்பு தோண்டத் திட்டமிட்ட நுசிர் நிறுவனம் 2016இல் அனுமதி பெற்றது; சுரங்க உரிமம் 2019இல் கிடைத்தது. சால்மன் மீனுக்காகவும் கலைமான் மேய்ச்சலுக்காகவும் அப்பகுதியின் பழங்குடியினரான சாமி மக்கள் எதிர்த்தனர். 2021இல் இளைஞர்கள் சுரங்கப் பகுதியில் முகாமிட்டு வேலையை மறித்தனர். செம்பு வாங்கவிருந்த ஜெர்மனியின் அவுருபிஸ் நிறுவனம் அதே ஆண்டு விலகிக்கொண்டது.