தப்புக் கணக்கில் பிறந்த பெயர்

ஓர் எழுத்து, ஓர் எண்: பி53. மனித மரபணுக்களில் மிக அதிகமாக ஆராயப்பட்ட ஒன்று உருவாக்கும் புரதத்துக்குப் பெயர் இவ்வளவுதான். 'பி' புரதத்தைக் குறிக்கும். 53 அதன் எடை, அதாவது எடை என்று நம்பப்பட்டது.

புரதங்களை ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால் சிறியவை முந்தி ஓடும், பெரியவை பின்தங்கும். நின்ற இடத்தைப் பார்த்து எடை சொல்வார்கள். 1979-இல் குரங்கு வைரஸ் ஒன்றின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த இந்தப் புரதத்துக்கு ஆய்வாளர்கள் லேனும் கிராஃபோர்டும் 53 கிலோ டால்டன் என்றார்கள். லின்சரும் லெவினும் 54 என்றார்கள். உண்மையில் அது 44-ஐக்கூட எட்டாது. புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த பகுதி ஓட்டத்தைத் தாமதப்படுத்தியதால் கனமானதாகத் தெரிந்தது. பிழை தெரிந்த பின்னும் எண் மாறவில்லை.

எண்ணைவிட எனக்கு உறுத்துவது மரபணுவின் பெயர்: டிபி53. அந்த 'டி' கட்டியைக் குறிக்கிறது. கட்டிகளில் குவிந்து கிடந்ததால் பத்தாண்டுகள் இதைக் குற்றவாளி என்றே எண்ணினார்கள். ஆய்வில் இருந்தவை பழுதுபட்ட பிரதிகள், பழுதில்லாதது கட்டியைத் தடுக்கும் காவலன் என்பது 1989-இல்தான் தெளிந்தது. பழி நீங்கியது, பெயரில் கட்டி தங்கிவிட்டது.

பி53-க்கு 1997-இல் பி73, மறு ஆண்டு பி63 என்று உறவுக்காரர்கள் வந்தார்கள். இவர்களில் தோலுக்கு உரியவர் பி63. கருவின் தோல் முதலில் ஒற்றை அடுக்கு உயிரணுதான். அது பல அடுக்கு மேல்தோலாக வளர பி63 வேண்டும். 1999-இல், இது இல்லாத எலிக்குட்டிகள் மேல்தோல் இன்றிப் பிறந்து, உடலின் நீர் வற்றி மாண்டன. மனிதரில் இம்மரபணு பழுதானால் கை கால் பிளவு, உதட்டுப் பிளவு, தோல், முடிக் குறைகள் நேரலாம். காவல் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் இவர் தொழில் முதலில் கட்டுமானம்தான். கட்டியைத் தடுப்பவரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரே நேரத்தில் பல ஆய்வுக்கூடங்கள் கண்டதால் பி63-க்கு பி51, கெட், பி40 என்றும் பெயர்கள் இருந்தன. மற்றவை மங்கிவிட்டன, பி40 பிழைத்தது. நுரையீரல் புற்று எந்த வகை என்று பிரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்கள் இன்றும் 'பி40' சோதனைதான் கேட்கிறார்கள். அந்தச் சாயம் பற்றுவது பி63-இன் குட்டை வடிவத்தில். மேல்தோலின் அடியடுக்கில் நிறைந்திருப்பதும் அதே வடிவம்தான்.