பீங்கான் தொழில்நுட்பக் கல்வி: பன்னாட்டுத் தொடர்பும் விருத்தாசலமும்

களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைக் கலந்து, வடிவம் கொடுத்து, சூளையில் சுட்டு உறுதியான பொருளாக்கும் அறிவைக் கற்பிக்கும் துறை பீங்கான் தொழில்நுட்பக் கல்வி. நாடு கடந்த கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த துறை இது. இதன் பொருள்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களே அதைச் சொல்லும்: ‘பீங்கான்’ பாரசீகச் சொல்; வெள்ளை மண்ணை நாம் ‘சீனக் களிமண்’ என்கிறோம். தமிழ்நாட்டில் இத்துறையின் பட்டயப் படிப்பு நடைபெறும் ஊர் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம்.

தோற்றம்

சூளைக்குள் வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதைக் கண்ணால் பார்த்துக் கணித்த காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறியது. பெர்லின் அரச பீங்கான் ஆலையின் வேதியியலர் ஹெர்மன் சேகர் 1886இல் ‘கோன்’ எனப்படும் சிறு கூம்புகளை உருவாக்கினார். குறித்த அளவு வெப்பம் ஏறியதும் கூம்பின் நுனி வளைந்து தலை சாயும். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1894இல் பீங்கான் பொறியியல் பாடத்தைத் தொடங்கிய எட்வர்டு ஆர்ட்டன், இரண்டே ஆண்டுகளில் அங்கும் இத்தகைய கூம்புகளைச் செய்யத் தொடங்கினார். 1900இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பிரட் நகரில் களிமண் தொழில் பள்ளி தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் இங்கிலாந்தின் உர்ஸ்டர் பீங்கான் ஆலையில் பழகிய சார்லஸ் பின்ஸ். அறிவும் ஆசிரியரும் வெளியிலிருந்து வந்தாலும், இப்பள்ளிகள் தத்தம் மாநிலத்து மண்ணையும் ஆலைகளையும் நம்பியே எழுந்தன.

இந்தியாவில்

காசி இந்துப் பல்கலைக்கழகம் 1924இல் பீங்கான் துறையைத் தொடங்கியது. 1950இல் கொல்கத்தாவில் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில், 1944இல் நிறுவப்பட்ட அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருந்து செராமிக் டெக்னாலஜியில் பி.டெக். பட்டம் அளிக்கிறது.

விருத்தாசலம்

மணிமுத்தாற்றங்கரையில், பழமலைநாதர் கோயிலைச் சுற்றி அமைந்த பழைய ஊர் இது. திருமுதுகுன்றம் என்பது இதன் முந்தைய பெயர். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலுள்ள படிவங்களோடு களிமண்ணும் கிடைக்கிறது. இம்மண் வளத்தை ஒட்டி அரசின் பீங்கான் தொழிற்பேட்டையும் பட்டயப் படிப்பு நிறுவனமும் இங்கு அமைந்தன. பேட்டையின் சிறு கூடங்களில் பொம்மைகளும் மின்சார ஃபியூஸ் கட்டைகளும் உருவாகின்றன.

பொம்மை செய்யும் முறையைப் பார்த்தாலே இக்கல்வியின் தேவை விளங்கும். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவரையொட்டி மண் படியும். மீதிக் குழம்பைக் கொட்டிவிட்டு, அச்சைப் பிரித்து, உலர்த்தி, சுட்டு, மெருகுக் கலவையில் தோய்த்து மீண்டும் சுடுவார்கள். உலரும்போதும் சுடும்போதும் பொருள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணுக்கு மண் மாறும். ஆகவே வேறு நாட்டுப் பாடநூலில் உள்ள கலவை விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பொருள் விரிசல் விடும், மெருகு உரியும். உள்ளூர் மண்ணைச் சோதித்துத்தான் விகிதத்தைத் திருத்த வேண்டும்.

கூட்டுறவின் முன்மாதிரி

பீங்கான் துறைக்கு வெளியே, வெளிநாட்டு உதவியோடு புதிய படிப்புகளைத் தொடங்கியதற்குத் தமிழ்நாட்டின் பெரிய எடுத்துக்காட்டு சென்னை ஐ.ஐ.டி. 1956இல் மேற்கு ஜெர்மனி உதவ முன்வந்தது. 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று நிறுவனம் திறக்கப்பட்டது. ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கு வந்து கற்பித்தனர். ஆய்வகங்களுக்கும் பணிமனைக்கும் கருவிகள் கப்பலேறி வந்தன. இந்திய ஆசிரியர்கள் ஜெர்மனி சென்று பயின்றனர். இம்மூன்றும் ஒன்றாக நடந்ததால்தான் ஜெர்மானியர் திரும்பிய பின்னும் படிப்புகள் தளரவில்லை. 2023இல் அதே ஐ.ஐ.டி. தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. ஒருகாலத்தில் உதவி பெற்ற நிறுவனம் இன்று கடல் கடந்து கற்பிக்கிறது.

இன்றைய விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகள் வெளிநாட்டு நிறுவனங்களோடு மூன்று வகைக் கூட்டுறவை அனுமதிக்கின்றன. இணைப்புப் படிப்பில் வெளிநாட்டு நிறுவனத்தில் பெறும் மதிப்பலகுகள் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; பட்டத்தை இந்திய நிறுவனமே அளிக்கும். கூட்டுப் பட்டத்தில் இரு நிறுவனங்களிலும் தலா 30 விழுக்காடாவது பயில வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இந்திய நிறுவனத்தின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. தரச்சான்றிலோ தரவரிசையிலோ உயர்ந்த நிறுவனங்களுக்கே இவ்வாய்ப்பு உண்டு. பட்டயப் படிப்பு நிறுவனம் இதற்குள் நேரடியாக வராது. ஆனால் பட்டயம் முடித்த மாணவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. விருத்தாசலத்தில் மண் பிசைந்து கற்ற பிள்ளை சென்னை வழியாக வெளிநாட்டு ஆய்வகம் வரை செல்லும் பாதை இதுவே.

அப்பாதை இருவழியாக அமையவேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு பீங்கான் பாடத்திட்டம் வகுக்கும்போது நெய்வேலி மண்ணின் சுருக்கமும் விருத்தாசலத்துச் சூளையின் வெப்பமும் அதில் ஆய்வுப் பாடமாக இடம்பெற வேண்டும். பெர்லினில் பிறந்த கூம்பு எந்த ஊர்ச் சூளைக்கும் பயன்படும்; ஆனால் எந்த வெப்பத்துக்கான கூம்பு தன் மண்ணுக்குப் பொருந்தும் என்பதை அந்தந்தச் சூளைக்காரர்தான் சுட்டுப் பார்த்து முடிவு செய்கிறார்.